இன்னொருக்கா எடுத்துப் பாக்கலாங்க

இதயக் குழாயைப் படமெடுக்கிற எங்கள் கேத் லேபில் டாக்டரம்மா பேசியதில் முக்கால்வாசி இந்த ஒரு வாக்கியம்தான்: "இன்னொருக்கா எடுத்துப் பாக்கலாங்க." முதல் படத்தை அவர் நம்பி நான் பார்த்ததே கிடையாது. எனக்கோ பசி தாங்காது. அப்பாடா, முடிந்தது, டிபன் பாக்ஸைத் திறக்கலாம் என்று, எக்ஸ்ரேக்குத் தடுப்பாகப் போடுகிற லெட் ஏப்ரனைக் கழற்றப் போகும் நேரம் பார்த்து அந்தக் குரல் வரும். மனசுக்குள் திட்டிக்கொண்டே மறுபடி மாட்டிக்கொள்வேன். வாய்விட்டுத் திட்ட முடியாது. அப்படி ஒரு மரியாதையான குரல் அது.

நான் அங்கே டெக்னீஷியன். அப்பா தூத்துக்குடிப் பக்கமிருந்து பனியன் தைக்கத் திருப்பூர் வந்து, திரும்பிப் போகாமலே இருந்துவிட்டவர். வேலம்பாளையத்தில் லைன் வீட்டில் 'வாலே, போலே' என்று வளர்ந்தவன் நான். டாக்டரம்மாவுக்குக் குன்னத்தூர்ப் பக்கம் தோட்டம். அண்ணன் பனியன் கம்பெனி வைத்திருந்தார். டாக்டரம்மா என்னை மாதிரிப் பொடியனையும் 'ங்க' போட்டுத்தான் கூப்பிடுவார். திட்டுவதென்றாலும், "ஏனுங்க, இப்படிப் பண்ணிப்போட்டீங்களே" என்பதோடு சரி. அதைக் கேட்பதற்கு என் அப்பாவிடம் ரெண்டு அறை வாங்கியிருக்கலாம் என்றிருக்கும்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இதயக் குழாயில் அடைப்பு வந்தால் ஸ்டென்ட் வைப்பார்கள் என்பது இன்றைக்கு எல்லாருக்கும் தெரியும். திருப்பூரில் தெருவுக்கு ஒருவராவது நெஞ்சுக்குள் அந்தக் குட்டிக் கம்பிவலையோடு நடமாடுகிறார். அது உள்ளே ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் ஓசிடி என்கிற மெஷின். நூல் கனத்தில் ஒரு குழல். அதன் முனையில் வெளிச்சம். ரத்தக் குழாய்க்குள் அது சுற்றிக்கொண்டே பின்னால் இழுபட்டு வரும்; பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தை மெஷின் படமாக வரையும். ரத்தம்தான் இதற்கு எதிரி. ரத்தம் இருந்தால் வெளிச்சம் தாண்டாது. அதனால் படம் எடுக்கிற அந்த ஒன்றிரண்டு மூச்சு நேரத்துக்கு, 'டை' என்று நாங்கள் சொல்கிற மருந்தை வேகமாக உள்ளே செலுத்தி, ரத்தத்தை ஒதுக்கிவிட்டுப் பார்க்க வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் இந்த மெஷின் பொய் சொல்கிற மாதிரி வேறெதுவும் சொல்லி நான் பார்த்ததில்லை. குழலுக்குள் பொட்டளவு காற்றுக்குமிழி நின்றால் போதும், படம் மங்கிப் போய்ப் பாதிக் குழாயைக் காணோம். ஸ்டென்ட் உலோகம் பளீரென்று மின்னினால் குறுக்கே கோடு கோடாக விழும். ஒவ்வொரு கம்பிக்குப் பின்னாலும் வெளிச்சம் போகாமல் கறுப்பு நிழல் நிற்கும். புதிதாகப் பார்க்கிறவன் அதை ஓட்டை என்பான். போதாததற்கு, இதயம் சும்மாவா இருக்கிறது, துடித்துக்கொண்டே இருக்கிறதே. சரியான நேரத்தில் ஒரு துள்ளு துள்ளினால், ஒரு சுற்றின் தொடக்கமும் முடிவும் சேராமல், பக்கத் தையல் ஏறுமாறாகப் போன பனியன் மாதிரி படத்தில் ஒரு பிசிறு விழுந்துவிடும்.

டாக்டரம்மாவின் சட்டம் ஒன்றே ஒன்று. படம் கெட்டு வந்தால் முதலில் நம் கையைப் பார்க்க வேண்டும், அப்புறம் மெஷினைப் பார்க்க வேண்டும், கடைசியாகத்தான் நோயாளியைச் சந்தேகப்பட வேண்டும். ஒரு நாள் ஸ்டென்ட் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கோணலாக வந்தது. கூட இருந்த ஜூனியர் டாக்டர் பதறிப்போய், நசுங்கிவிட்டது, பலூன் போட்டு விரித்துவிடலாம் என்றார். டாக்டரம்மா திரையை விட்டுவிட்டு என் கையைப் பார்த்தார். குழல் உள்ளே நுழைகிற இடத்தில் ரத்தம் கசியாமல் இருக்க ஒரு திருகு உண்டு. அதை நான் பேய் பிடித்தவன் மாதிரி இறுக்கி வைத்திருந்தேன். உள்ளே சுற்றுகிற கம்பி அங்கே சிக்கிச் சிக்கிச் சுற்றியதில் படம் கோணிப்போயிருக்கிறது. கொஞ்சம் நெகிழ்த்தச் சொன்னார். அடுத்த படத்தில் ஸ்டென்ட் வளையல் மாதிரி உருண்டையாக நின்றது. ஜூனியர் என்னை முறைத்தார். டாக்டரம்மா, "கையில ரத்தம் பட்டா கழுவிக்கலாங்க" என்றார். அவ்வளவுதான்.

இன்னொரு தடவை, துணிக்குச் சாயம் ஏற்றுகிற டையிங்கில் வேலை பார்க்கிற பீகார்க்காரர் ஒருவர். படத்தில் ஸ்டென்ட் கம்பிகள் எல்லாம் ஒரே பக்கமாக முகம் திருப்பிக்கொண்டு, குழாய்ச் சுவரை விட்டு விலகி நிற்பது மாதிரி தெரிந்தது. மறுபடியும் ஸ்டென்டில் கோளாறா என்று நாங்கள் முழிக்க, டாக்டரம்மா அந்த ஆளிடம் குனிந்து, தனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் அதே 'இன்னொருக்கா'வை "ஏக் பார் அவுர், பையா" என்று சொன்னார். குழல் குழாயின் ஓரத்தில் ஒட்டிக் கிடந்திருக்கிறது; ஓரத்திலிருந்து பார்த்தால் எல்லாக் கம்பியும் நம்மையே பார்ப்பது போலத்தான் தெரியும். குழலை நடுவுக்குக் கொண்டுவந்து எடுத்ததும் எல்லாம் சுவரோடு சுவராக ஒட்டியிருந்தன. அந்த ஆள் மூன்றாம் நாள் எழுந்து நடந்து போனார். போகும்போது எங்கள் எல்லார் காலையும் தொடப் பார்த்தார். நான் ஓடிப் போய்விட்டேன்.

இதெல்லாம் வேலைக்கு நல்லதுதான். ஆனால் அந்த அம்மா இதை வேலையோடு விடவில்லை, அதுதான் எனக்குப் பிடிக்காது. கேண்டீனில் சாம்பார் உப்புக் கரித்தால் நாங்கள் எல்லாரும் மாஸ்டரைக் காய்ச்சி எடுப்போம். டாக்டரம்மா மட்டும் தன் நாக்கில் ஏதும் கோளாறோ என்று யோசித்துக்கொண்டிருப்பார். டிரைவர் தாமதமாக வந்தால், தான் நேரத்தைத் தப்பாகச் சொல்லியிருப்போமோ என்பார். சொல்லியிருக்கவே மாட்டார். அந்த டிரைவர் தினமும் எங்கே நின்று டீ குடிப்பான் என்று எனக்குத் தெரியும்.

அவருடைய வீட்டுக்காரர் வேறு ஊரில் வேறு குடும்பமாக இருந்தார். ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. எங்கள் ஹெட் சிஸ்டர் வாய் நிற்காதவர். ஒருநாள், இத்தனை செய்த ஆளை ஏன் கோர்ட்டுக்கு இழுக்காமல் விட்டு வைத்திருக்கிறீர்கள் என்று நேராகவே கேட்டுவிட்டார். நான் பக்கத்தில் குழல் கழுவிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா கோபப்படவில்லை. "என்ற பக்கத்தயே இன்னும் பாத்து முடிக்கலீங்க சிஸ்டர்" என்றார். சிஸ்டர் அப்புறம் என்னிடம் வந்து, பாவம், இது பெரிய வியாதிடா என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒரு மனுஷி தன்னையே இப்படி நோண்டிக்கொண்டிருந்தால் கடைசியில் மிச்சம் என்ன இருக்கும்?

அவர் யாருக்காவது பயந்தார் என்றால் அது அண்ணனுக்குத்தான். பயம் என்பதுகூடச் சரியில்லை. அப்பா சீக்கிரம் போய்விட, தங்கையைப் படிக்க வைத்து டாக்டராக்கிப் பார்த்தவர் அந்த அண்ணன். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் சுகர் மாத்திரை, உரக்கச் சிரிப்பு. தங்கையை 'அம்மிணி' என்பார். அவர் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். அவருக்கு ஒரு அடைப்பு வந்தபோது ஸ்டென்ட் வைத்ததும் டாக்டரம்மாதான். சொந்தக்காரர்களுக்குத் தன் கையால் வைக்கக்கூடாது, கோயமுத்தூருக்குப் போங்கள் என்று கெஞ்சினார். யார் கேட்டார்கள்? நம் ஊட்டிலேயே டாக்டர் இருக்கையில் வெளியில் எதற்குப் போகோணும் என்று சித்தப்பா, மாமன், மச்சான் என்று சொந்தபந்தக் கூட்டமே வராந்தாவில் நின்றது. தங்கச்சி கை பட்டால்தான் சரியாகும் என்று அண்ணனும் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். இந்தப் பக்கத்தில் பாசம் என்றால் இப்படித்தான், மூச்சு முட்ட முட்ட வைப்பார்கள்.

ஸ்டென்ட் நன்றாகவே இருந்தது. ஒரு வருஷம் ஓடியது. பிறகு மறுபடி நெஞ்சு வலி என்று வந்து படுத்தார். இதற்குள் சுகர் அவருடைய கிட்னியைப் பாதிக்கு மேல் தின்றிருந்தது. கிட்னி டாக்டர் வந்து, டை எவ்வளவு குறைவாகப் போட முடியுமோ அவ்வளவு குறைவாகப் போடுங்கள், இது தாங்காது என்று எச்சரித்துவிட்டுப் போனார். கோயமுத்தூர்ப் பேச்சு மறுபடி எழுந்தது. அதே கூட்டம், அதே வராந்தா, அதே பதில்.

சாதாரண ஆஞ்சியோவில் ஸ்டென்டுக்குள் மப்பும் மந்தாரமுமாக ஏதோ தெரிந்தது. ரத்தக்கட்டியாக இருந்தால் உடனே பலூன் போட வேண்டும், ரத்தத்தை நீர்க்க வைக்கிற மருந்துகளைக் கூட்ட வேண்டும். விட்டால் அட்டாக் வந்து ஆளே போய்விடுவார். கட்டி இல்லையென்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். எது என்று ஓசிடிதான் சொல்ல வேண்டும். டாக்டரம்மா டைக்குப் பதிலாக வெறும் சலைனைச் செலுத்தி எடுக்கச் சொன்னார். கிட்னிக்கு அது கெடுதல் இல்லை, ஆனால் டை அளவுக்கு ரத்தத்தைச் சுத்தமாக ஒதுக்காது. எடுத்தோம். ஸ்டென்டின் நடுவில் மேகம் மாதிரி ஒரு பிசுக்கு.

வழக்கம்போல நம் கையிலிருந்து ஆரம்பித்தார். காற்று இருக்கிறதா, பார்த்தோம். திருகை நெகிழ்த்தினேன். குழலை நடுவுக்குக் கொண்டுவந்தோம். மறுபடி சலைன். மறுபடி மேகம். கட்டிதான் என்றார் ஜூனியர். அது போன படத்தில் நின்ற இடத்தில் இல்லை, கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, கட்டியென்றால் நகராதே, கழுவாமல் நின்ற ரத்தமாகத்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது, சொன்னேன். டாக்டரம்மாவுக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் படுவது வேறு, தெரிவது வேறு இல்லையா. மேஜையில் படுத்திருப்பது அண்ணன். ஒரு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் வராந்தா முழுக்க ஜனம். டாக்டரம்மா ரெண்டு படத்தையும் மறுபடி ஓட்டிப் பார்த்தார். அப்புறம் டை போட்டு ஒருக்கா எடுக்கலாம் என்றார்.

எடுத்தோம். இதயம் துள்ளியது. சரியாக அந்த மேகம் இருந்த இடத்தில் படம் வெட்டிக்கொண்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மெஷினை ஒரு உதை விடலாம் போலிருந்தது.

அண்ணன் மயக்கத்தில் இல்லை, இந்த வேலைக்கு மயக்க மருந்து தேவையில்லை. மேலே பார்த்தபடியே, "ஏனம்மிணி, நொய்யல்லதான் டைய ஊத்தி ஆத்தக் கெடுத்தோம், இப்ப என்ற ஒடம்புலயுமா?" என்று கேட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். டாக்டரம்மா சிரித்தபடியே என்னைப் பார்த்து இன்னொருக்கா என்றார்.

அந்தப் படம் அருமையாக வந்தது. மேகமும் இல்லை, கட்டியும் இல்லை. ஸ்டென்ட் கம்பிகள் மேல் மெல்லிய தோல் போர்த்தி, குழாய் விரிந்து, துடைத்து வைத்தது போலக் கிடந்தது. கழுவாத ரத்தம்தான் எங்களை அந்தப் பாடுபடுத்தியிருக்கிறது. பலூன் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். ஜூனியர் கை தட்டினார். ஹெட் சிஸ்டர் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். டாக்டரம்மா வராந்தாவுக்குப் போய்ச் செய்தியைச் சொல்ல, யாரோ போய்த் தேங்காய் பன் வாங்கி வந்து எங்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். நான் ரெண்டு தின்றேன்.

மூன்றாம் நாள் அண்ணனுக்குச் சிறுநீர் குறைந்தது. பிறகு நின்றே போனது. அப்புறம் டயாலிசிஸ்தான். தற்காலிகம், கிட்னி எழுந்துகொள்ளும் என்றார்கள். அது எழுந்துகொள்ளவில்லை.

கோயமுத்தூர் போக வேண்டாம் என்று நின்ற அதே கூட்டம் இப்போது வராந்தாவில் நின்று, அன்னைக்கே கோயமுத்தூர் கொண்டு போயிருக்கோணும் என்று பேசியது. நாக்கில் நரம்பில்லாத கூட்டம். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சிஸ்டர்தான் என் கையைப் பிடித்து இழுத்துப் போனார். அண்ணி மட்டும் மறைவாகப் பேசவில்லை. டாக்டரம்மாவை எல்லார் முன்னாலும் நிறுத்தி, "ஒண்ணுமில்லாததுக்கு மறுக்கா மறுக்கா ஊத்தி அவிய கிட்னிய வாங்கிப்போட்டயே அம்மிணி" என்றார். ஏதாவது சொல்வார், விளக்குவார் என்று நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். "ஆமாங்க அண்ணி" என்றார் டாக்டரம்மா.

அன்றிலிருந்து அந்த அம்மா சிரித்து நான் பார்க்கவில்லை. அண்ணனுக்கு டயாலிசிஸ் நடக்கிற நாளெல்லாம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மற்ற நேரம் கேத் லேபுக்கு வந்து அந்தப் பழைய படங்களை ஓட விட்டுப் பார்ப்பார். இங்கே பாருங்கள், முதல் படத்திலேயே ஓரம் கலைந்திருக்கிறது, ரத்தம்தான் என்று அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டுமல்லவா என்பார். அடுத்த வாரம் வேறொன்றைக் காட்டுவார்: குழல் இன்னும் கொஞ்சம் உள்ளே உட்கார்ந்திருந்தால் சலைனிலேயே சுத்தமாகியிருக்கும், தான்தான் சரியாக உட்கார வைக்கவில்லை. கிட்னி டாக்டரே வந்து, அந்தக் கிட்னி எப்படியும் ஒன்றிரண்டு வருஷத்தில் போகிறதுதான் என்று சொல்லிப் பார்த்தார். கேட்டால்தானே.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. மேடம், கட்டியாக இருந்து நாம் பார்க்காமல் விட்டிருந்தால் அன்றைக்கே போயிருப்பார், கட்டியென்று நினைத்து வைத்தியம் செய்திருந்தால் எங்காவது ரத்தம் கசிந்து போயிருப்பார், எந்தப் பக்கம் போயிருந்தாலும் முட்டுச் சந்துதான், இதில் யார் தப்பும் இல்லை என்று கத்தியே விட்டேன். டாக்டரம்மா என்னைப் பாவமாகப் பார்த்தார். "அப்படி இருக்காதுங்க. ஏதோ ஒண்ணு இருக்கும். எனக்குத்தான் தெம்படலை" என்றார்.

அதற்கப்புறம் நான் வாதாடுவதை விட்டுவிட்டேன். தப்பு ஒன்று எங்கோ இருக்கிறது, தேடினால் கிடைக்கும், கிடைத்தால் சரி செய்யலாம் என்பதுதான் அந்த அம்மாவின் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. அதையும் பிடுங்கிவிட்டு நான் என்ன கொடுக்கப் போகிறேன்.

மறுபடி ஒரு வருஷம் போல ஓடியது. அண்ணன் பாதியாக இளைத்திருந்தார், வெள்ளைச் சட்டை மட்டும் அதே அளவு. மறுபடி நெஞ்சு வலி, மூச்சு வாங்கல். இந்த முறை வராந்தாவில் கூட்டம் இல்லை, அண்ணி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா வேறு டாக்டருக்கு ஏற்பாடு செய்திருந்தார். அண்ணன்தான், நீயே பாரம்மிணி என்றார்.

டையை எவ்வளவு போடலாம் என்று நான் வழக்கப்படி கேட்டேன். கிட்னி டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வேண்டிய அளவு போடுங்கள், இனிமேல் கெடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை, நாளைக்கு டயாலிசிஸில் வெளியே வந்துவிடும் என்றார். டாக்டரம்மா இதைக் கேட்டுக்கொண்டு கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

தாராளமாக டை போட்டு எடுத்தோம். என் சர்வீஸில் அப்படியொரு படம் வந்ததில்லை. பொட்டு ரத்தம் இல்லை, குமிழி இல்லை, குழல் நட்ட நடுவில், இதயம்கூட ஒத்துழைத்துத் துள்ளாமல் இருந்தது. பிசிறே இல்லாத அந்தப் படத்தில் ஸ்டென்ட் முழுக்கச் சதை வளர்ந்து அடைத்திருந்தது. அதற்கு அப்பாலும் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு, கல்லாக. டயாலிசிஸ்காரர்களுக்கு அப்படி ஏறும். பலூன் விரிய இடமில்லை, இன்னொரு ஸ்டென்ட் நுழைய வழியில்லை, ஆபரேஷனைத் தாங்குகிற நிலையில் அந்த இதயம் இல்லை. ஜூனியர் தரையைப் பார்த்தார்.

டாக்டரம்மா திரைக்குக் கிட்டே வந்து, முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டிப் பார்த்தார். திருகைத் தொட்டுப் பார்த்தார். குழலைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். அவர் எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். கடவுளே, ஏதாவது ஒரு தப்பு இருந்துவிடக்கூடாதா என்று நானும் தேடினேன். எல்லாம் சரியாக இருந்தது.

மேஜையில் இருந்து அண்ணன் கேட்டார்: "அம்மிணி, இன்னொருக்கா எடுக்கோணுமா? எடுக்கறதுன்னா எடு. நா இப்படியே படுத்துக்கறேன்."

டாக்டரம்மா திரையை விட்டு அவர் பக்கத்தில் போனார்.

"வேண்டாங்ணா. இதே போதும்."

தங்கையை வளர்த்தவர் அவர். முதல் தடவையே போதும் என்று அவள் சொல்லி அவர் கேட்டதில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு, "செரி. நீ இன்னும் உண்ணாம நிக்கற. போயிச் சோறு உண்ணு போ" என்றார்.

டாக்டரம்மா போகவில்லை. லெட் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் அவர் கால்மாட்டில் நின்றுகொண்டே இருந்தார்.